மடிவள நாட்டின் எலுமிச்சைச் சட்டம்

வரைபடத்தை எட்டாக மடித்து வைப்பவர்களுக்குத் தெரியும். மடிப்பு விழும் இடத்தில் மை உதிர்ந்து ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சும். அந்தக் கோட்டுக்குள் ஒரு நாடு இருந்தது. மடிவள நாடு என்று பெயர். மற்ற நாடுகளின் கண்ணுக்கு அது படவில்லை. அதற்கும் மற்ற நாடுகளைப் பற்றி வதந்திகள் மட்டுமே தெரியும்.

அந்த நாட்டு மன்னரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குத் தேர்வேந்தர் என்று பட்டம். தேர்ந்தெடுப்பதால் அந்தப் பெயரா, முடிசூட்டும் நாளில் புதுத் தேரில் ஏறி ஊர்வலம் போவதால் அந்தப் பெயரா என்பதில் புலவர்களுக்குள் தகராறு இருந்தது. தேர் கிளம்பும்போது சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்து நசுக்குவார்கள். நசுங்கிய பழங்களை மக்கள் ராசிக்கென்று பொறுக்கிக்கொண்டு போவார்கள்.

அப்போதைய தேர்வேந்தர் அகண்டவீரர், நான்கு முறை வென்றவர். முதல் தேர்தலைத் தவிர மற்ற மூன்றிலும் அவர் வாசல் வாசலாக வந்து, கைகூப்பி, ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "சென்ற முறை என்னிடம் இருந்த குறைகளையெல்லாம் சரிசெய்துகொண்டு வந்திருக்கிறேன்."

மன்னர் வாயிலிருந்து வருவதையெல்லாம் அந்தக் கணமே எழுதிக்கொள்ள ஓர் அதிகாரி இருந்தார். திருவாய்க்கேள்வி என்பது அவருடைய பதவி. அவர் எழுதியது மறுநாள் காலை நாற்சந்தியில் ஒட்டப்படும், ஒட்டப்பட்டால் சட்டம். ஒருமுறை மன்னர் "ஆவ்" என்று கொட்டாவி விட்டுவிட்டார். நாடே ஒரு வாரம் பகலில் தூங்க வேண்டியதாயிற்று.

இப்படியிருக்கையில், முகவரி தவறி வந்த ஓர் அழைப்பிதழை நம்பி, மன்னர் கடல் கடந்த ஒரு நாட்டுக்கு விருந்துக்குப் போனார். புது வண்டி வாங்கி ஏமாந்தவர்களைக் காக்க அங்கே ஓர் எலுமிச்சைச் சட்டம் இருப்பதாக விருந்தில் யாரோ சொன்னார்கள். தீராத பழுதுள்ள வண்டியை அங்கே எலுமிச்சை என்று சொல்வார்கள் என அவர்கள் விளக்கியபோது மன்னர் இனிப்பில் கவனமாக இருந்தார். ஊர் திரும்பியதும் அவையைக் கூட்டி முழங்கினார்:

"எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டது எதுவானாலும், மூன்று முறை செப்பனிட்டும் பழுது தீரவில்லை என்றால், அதைத் திருப்பித் தரலாம்!"

திருவாய்க்கேள்வி எழுதினார். அவை கைதட்டியது.

சட்டம் வந்த அதே மாதத்தில்தான் மருத்துவச்சி செம்பாயி வண்டி வாங்கினாள். மலைமேல் ஏழு குடியிருப்புகளுக்கு அவள் ஒருத்திதான் மருத்துவச்சி. வலி கண்ட வீட்டுக்கு நடந்தே ஓடி ஓடி அவள் முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன. நாட்டில் ஒரே ஒரு ரதசாலை. அது மன்னரின் மைத்துனருடையது. அங்கே ஒரே ஒரு வண்டிதான் செய்தார்கள். அதன் பெயர் முன்னோடி.

மாலை போட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள், நான்கு சக்கரங்களுக்கு முன்னால் நான்கு எலுமிச்சம்பழங்கள் வைத்தார்கள். செம்பாயி குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். அது பின்னால் போய், ஆரத்தித் தட்டோடு நின்ற மேலாளரைப் பூந்தொட்டிக்குள் உட்கார வைத்தது. பழங்களை எடுத்துப் பின்பக்கம் வைத்து நசுக்கிச் சடங்கை முடித்தார்கள்.

"புது வண்டி, கூச்சப்படுது. போகப் போகச் சரியாயிடும்மா" என்றார் மேலாளர், தொட்டிக்குள்ளிருந்தே.

சரியாகவில்லை. முன்னோடி பின்னால் மட்டுமே ஓடியது. செம்பாயி கழுத்தை முறுக்கிக்கொண்டு மலைப்பாதையில் பின்பக்கமாகவே ஏறினாள். மேலக்காட்டுக் குருவம்மாவின் வீட்டுக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் குருவம்மா பிள்ளை பெற்று, தொப்புள்கொடியைத் தானே முடிந்து, காப்பியும் போட்டு வைத்திருந்தாள்.

"நமக்கு இது அஞ்சாவது, அதனால தப்பிச்சேன்" என்றாள் குருவம்மா. "தலைச்சன் பிள்ளைக்காரின்னா என்ன பண்ணுவா? எல்லா வீட்லயும் காப்பி இருக்காதுக்கா."

அந்தச் சொல் செம்பாயியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மறுநாளே ஊர்தி அமைச்சர் மாசிலாத்துரையாரிடம் போய் நின்றாள்.

"அய்யா, வண்டி பின்னாலதான் போவுது."

"எவ்வளவு வேகமாக?"

"வேகமாத்தான் போவுது."

"அப்படியானால் இயந்திரம் நலமாக இருக்கிறது. பெண்ணே, எப்போதும் குறையையே பார்க்காதே."

"சட்டப்படி மூணு தடவ சரிபண்ணிப் பாருங்க சாமி. ஆகலைன்னா எடுத்துக்குங்க."

சட்டத்தை மதிக்கும் அரசு மூன்று முறையும் சரிபண்ணியது. முதல்முறை ஓட்டுநர் இருக்கையைப் பின்பக்கம் பார்க்க வைத்தார்கள்; ஓட்டுவளையம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டாம் முறை வண்டியின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் 'முன்' என்று எழுதினார்கள். மூன்றாம் முறை கண்ணாடியைத் துடைத்தார்கள்.

செம்பாயி திரும்பவும் வந்தாள். அமைச்சர் தலைமை இலக்கணப் புலவரை வரவழைத்தார். புலவர் சட்டத்தை மூன்று முறை வாசித்தார்.

"'அதை' என்னும் சுட்டு முன்னே வந்த பெயரைச் சுட்டும். இங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட பொருள் எலுமிச்சம்பழம். வண்டி என்ற சொல்லே சட்டத்தில் இல்லை. ஆகவே, வண்டி பழுதானால் எலுமிச்சம்பழத்தைத் திருப்பித் தரலாம்."

"கேட்டாயா? பழத்தைக் கொடு" என்றார் அமைச்சர்.

"அது நசுங்கிப் போச்சே!"

"வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படித் தர வேண்டும்."

செய்தி பரவியது. முன்னோடி வாங்கிய அத்தனை பேரும் சந்தைக்குப் போய்ப் புதுப் பழங்கள் வாங்கி வந்து, "இதுதாங்க அது, நசுங்கவே இல்ல" என்று சத்தியம் செய்தார்கள். மோசடியைத் தடுக்க நாட்டிலுள்ள எலுமிச்சம்பழங்கள் அனைத்தும் அரசுக் காவலில் வைக்கப்பட்டன. மரத்துக்கு ஒரு காவலர். மசக்கைக்காரிகளுக்கு மோந்து பார்க்கக்கூட ஒரு பழம் கிடைக்கவில்லை. செம்பாயியின் ஏழு குடியிருப்புகளிலும் குமட்டல் சத்தம் மலையில் எதிரொலித்தது.

மக்கள் முணுமுணுத்தபோது அடுத்த ஆணை ஒட்டப்பட்டது: "முன்னோடி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே முன்பக்கம்." அன்றிலிருந்து எல்லா வண்டிகளும் பின்னால் ஓடின. மனிதர்கள் பின்னால் நடந்து, மோதிக்கொண்டு, பிறகு யார் என்று பார்த்து வணக்கம் சொன்னார்கள். நாட்டுக்கே கழுத்துச் சுளுக்கு. மாடுகள் மட்டும் ஒப்பவில்லை. பதினொரு மாடுகள் கைதாயின.

அப்படியும் ரதசாலை வாசலில் "திருப்பு, திருப்பு" என்ற சத்தம் ஓயவில்லை. மன்னரின் உறக்கம் கெட்டது. "அந்தச் சொல்லே என் காதில் விழக்கூடாது" என்றார். திருவாய்க்கேள்வி எழுதிக்கொண்டார்.

இதுவரை வந்த ஆணைகளை மக்கள் எப்படியோ தாங்கிக்கொண்டார்கள். ஒரு சொல் போனால் என்னவெல்லாம் போகும் என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. தோசையைத் திருப்பிப் போட முடியவில்லை. ஒரு பக்கம் கரி, மறுபக்கம் மாவு. பாதைகளில் திருப்பங்கள் மூடப்பட்டதால் வண்டிகள் நேராக வயலுக்குள் போயின. திருப்புளி என்று வாய்விட்டுக் கேட்க முடியாமல் மெக்கானிக்குகள் விரலைச் சுழற்றிச் சைகை காட்டினார்கள், சைகையும் குற்றமானது. கதைகளில் திருப்பம் கூடாது என்பதால் அந்த ஆண்டு வந்த நாவல்களெல்லாம் தொடங்கியபடியே நேராகப் போய் முடிந்தன. அவற்றுக்கெல்லாம் அரசுப் பரிசு கிடைத்தது.

ஒரு பிற்பகலில் அரசி மங்களவல்லிக்கு வலி கண்டது. அரண்மனை வண்டி செம்பாயியை ஏற்றிக்கொண்டு, திருப்பங்கள் இல்லாத காரணத்தால் மூன்று வயல்களையும் பந்தி நடந்துகொண்டிருந்த ஒரு கல்யாண மண்டபத்தையும் ஊடுருவி, பின்பக்கமாக வந்து சேர்ந்தது.

செம்பாயி அரசியின் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"பிள்ளை தல மேல இருக்கு. காலு கீழ."

அறை வாசலில் மன்னரோடு நின்ற அமைச்சர் மாசிலாத்துரையார் பரவசமானார். "ஆகா! ஆணைப்படி பின்பக்கமே முன்பக்கம் அல்லவா? பிறக்கும் முன்பே சட்டத்தை மதிக்கும் குழந்தை!"

"யோவ், காலோட வந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்துய்யா. இன்னும் நேரமிருக்கு. பிள்ளையத் திருப்பணும்."

இரண்டு காவலர்கள் பாய்ந்து செம்பாயியின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டார்கள்.

"விடுங்கடா! பேசுன வாயப் பிடிங்க, கைய விடுங்க!"

"சொல்லைச் சொன்னது குற்றம். செயலைச் செய்வது பெருங்குற்றம்" என்றார் அமைச்சர். "புலவரை அழைத்து வேறு சொல் ஏதேனும் உண்டா என்று ஆராயலாம். ஒரு குழு அமைத்தால் பத்து நாளில்..."

"பத்து நாளா!" அரசி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். அவள் முறைத்ததுபோல் அகண்டவீரரை அந்த நாட்டில் யாரும் முறைத்ததில்லை. "இருவது வருசமா ஒங்க பேச்ச நாடே கேட்டுச்சு. எனக்கு இப்ப ஒரே ஒரு சொல்லு போதும். சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அவ கைய விடுவானுங்க. சொல்லித் தொலையுங்கய்யா!"

மன்னர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் கூரையைப் பார்த்தார். திருவாய்க்கேள்வி எழுத்தாணியை நீட்டிக் காத்திருந்தார். அரசி இன்னொரு முறை அலறினாள்.

"திருப்பு" என்றார் மன்னர். பிறகு கத்தினார். "திருப்பு! திருப்பு!"

காவலர்களின் கைகள் தளர்ந்தன. செம்பாயி எண்ணெய் தொட்டுக்கொண்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் அந்த வயிற்றின்மேல் வைத்து, உருண்டு விளையாடும் பூனைக்குட்டியைத் தள்ளிப் படுக்க வைப்பதுபோல், மெல்ல, மிக மெல்ல நகர்த்தினாள். பொழுது சாய்வதற்குள் பிள்ளை பிறந்தது. பிறந்த வேகத்தில் அமைச்சரைவிட உரக்கக் கத்தியது.

"பொண்ணு மகாராசா" என்றாள் செம்பாயி. "தல முன்னால."

மகளைக் கையில் ஏந்திய மன்னரின் குரல் இளகியது. "செம்பாயி, உனக்கு என்ன வேண்டும்?"

"ஒண்ணும் வேணாம். இப்ப நீங்க சொன்னத மாத்தாம இருந்தாப் போதும்."

"மாற்ற மாட்டேன்" என்றார் மன்னர்.

திருவாய்க்கேள்வி அதையும் எழுதினார்.

மறுநாள் காலை நாற்சந்தியில் ஆணை ஒட்டப்பட்டது: "திருப்பு. திருப்பு. திருப்பு. மாற்ற மாட்டேன்." எதைத் திருப்புவது என்று அதில் இல்லை. ஆகவே மக்கள் எல்லாவற்றையும் திருப்பினார்கள். முதலில் தோசைகள். இரு பக்கமும் வெந்த தோசையைப் பார்த்துச் சிலர் அழுதார்கள். சிறையிலிருந்து மாடுகள் வந்தன. ரதசாலை வாசலில் முன்னோடிகள் மலைபோல் குவிந்தன. மேலாளர் இந்தமுறை தானாகவே பூந்தொட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

செம்பாயியும் தன் வண்டியை ஒப்படைக்கத்தான் போனாள். வாசலில் நின்ற மெக்கானிக் ஒருவன், ஓராண்டு கழித்து, "திருப்புளி!" என்று ஆசை தீரக் கூவிக் கேட்டு வாங்கி, அடியில் படுத்தான். உள்ளே ஒரு பல்சக்கரம் இடவலம் மாறி மாட்டப்பட்டிருந்தது. அதைக் கழற்றித் திருப்பி மாட்டினான். வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்தான் ஆனது. அந்த நாட்டில் முதன்முதலாக ஒரு முன்னோடி முன்னால் ஓடியது.

அது ஓடிய திசையில் அரண்மனை இருந்தது. பின்னாலேயே ஊர் நடந்து வந்தது.

வாசலில் மேசை போட்டு அமைச்சர் மாசிலாத்துரையார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இலக்கணப் புலவர்.

"உன் வண்டிதான் ஓடுகிறதே. எதைத் திருப்பித் தர வந்தாய்?"

செம்பாயி மேசைமேல் ஒரு ஜாடியை வைத்தாள். உள்ளே கறுத்துச் சுருங்கிய நான்கு எலுமிச்சம்பழங்கள்.

"மொத மொத முடிசூட்டுனப்போ தேர்ச்சக்கரத்துல நசுங்குனது. குருவம்மாவோட மாமியா பொறுக்கிட்டுப் போய் ஊறுகா போட்டுருக்கு. எங்க கைக்கு வந்தப்பவே நசுங்கித்தான் இருந்துச்சு. இருவது வருசத்துச் சரக்கு, இன்னும் கெடல. எழுதிக்குங்க. பழுது: பின்னாலதான் போவுது. சரிபண்ணது: மூணு தடவ. அவரே ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சொன்னாரு, ஊரே சாட்சி."

அமைச்சருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"பெண்ணே! சட்டத்தில் 'அதை' என்றிருக்கிறது. அதை என்பது அஃறிணை. மன்னர் உயர்திணை! புலவரே, சொல்லும்!"

புலவர் ஜாடிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். ஓராண்டாக அவர் நாக்கு புளிப்பைக் கண்டதில்லை. கண்ணை மூடித் திறந்தார்.

"'எதுவானாலும்' என்றும் இருக்கிறது. அரசர் திருவாயால் சொன்னது. செல்லும்."

அமைச்சர் மெதுவாக உட்கார்ந்தார். படிவத்தில் கடைசி இடம் ஒன்று மட்டும் காலியாக இருந்தது. அதை வாசித்தார். "திருப்பித் தந்த பின்... மாற்று வேண்டுமா?"

செம்பாயி பின்னால் பார்த்தாள். வரிசை மலையடிவாரம்வரை நீண்டிருந்தது. பலருக்கு இன்னும் கழுத்து கோணலாகவே இருந்தது.

"வேணும். ஆனா இந்தத் தடவ ஓட்டிப் பாத்துட்டுத்தான் ஓட்டு."

அமைச்சர் 'ஓட்டு' என்று எழுதினார். எந்த ஓட்டு முதலில் என்று கேட்க நிமிர்ந்தார்.

வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.