நெஞ்சைப் பிடித்தால் முதலிடம்

எனக்குப் பயமே கிடையாது என்று அரியலூர் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பொய். எனக்குக் கிடையாதது பேச்சுதான். பயம் நிறைய உண்டு. வாயைத் திறக்காததால் அங்கே யாருக்கும் தெரிவதில்லை.

நான் ஐந்தாவதோடு நின்றவன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எல்லைக்கல் நடுகிற வேலை. யார் நிலம், எந்தக் காடு எங்கே முடிகிறது என்பது அத்துப்படி. செல்போன் எங்கள் சூப்பர்வைசரிடம் மட்டும் இருந்த காலம். நிலத்தை மேலே இருந்து படம் பிடிக்க, கம்பெனி திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து ஒரு சின்ன பிளேனை வாடகைக்கு எடுத்தது.

"எது நம்ம காடுன்னு நீ கூடப் போயி காட்டுய்யா" என்றார் சூப்பர்வைசர்.

மறுத்திருப்பேன். ஆனால் அதே நாள், அதே திருச்சிக்கு, என் மச்சினன் செல்வராசு சார்ஜாவிலிருந்து லீவில் வருகிறான். அவனை அழைக்க மாமனார் வீடே பெரம்பலூரிலிருந்து வேன் பிடித்துப் போகிறது. "எம் மவன் பிளேன்ல போனவன்" என்று மூன்று வருஷமாக மாமனார் சொல்கிறார். (சொல்லும்போது என் செருப்பைப் பார்ப்பார்.)

"நானும் பிளேன்லதான் வரேன். அவனுக்கு முன்னாடி எறங்கி, வாசல்ல நின்னு நானே கூப்புடுறேன்" என்று சொல்லிவிட்டேன். வாழ்நாளில் நான் விட்ட ஒரே சவடால்.

அந்த பிளேன் மினிபஸ்ஸில் பாதிகூட இல்லை. கதவு தகர டப்பா மூடி மாதிரி இருந்தது. ஓட்டுவது ஒரு பெண், மெட்ராஸ்காரி. கேமராக்காரர் பின்னால். நான் முன்னால், கையில் எலுமிச்சம்பழத்தோடு.

மேலே போனதும் ஒரு காடும் அடையாளம் தெரியவில்லை. எல்லாம் ஒட்டுப்போட்ட கோணி. "இதுங்களா அண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டபோதெல்லாம் தலையாட்டினேன். (யார் யார் காட்டையோ படம் பிடித்தோம்.)

திரும்பும்போது, பாடாலூர் தாண்டிக் கொள்ளிடம் தெரிகிற இடத்தில், பிளேன் சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்று. இரண்டு. மூன்று.

"என்னம்மா?"

"டவர்ல வெயிட் பண்ணச் சொல்றாங்கண்ணா. பெரிய பிளேன் ஒண்ணு எறங்குது."

"நாமதானே முன்னாடி வந்தோம்?"

"முன்னாடி வந்தவங்க முன்னாடி போறதுக்கு இது பஸ் ஸ்டாண்டு இல்லண்ணா. அது வேகமா வருது. குறுக்க போனா நம்ம மேல ஏறிடும். அது எறங்கின உடனேயும் போகக்கூடாது. அது கெளப்பிவிட்ட காத்து நம்மளப் பொரட்டிப் போட்டுடும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். எலுமிச்சம்பழம் கைக்குள்ளேயே நசுங்கிப் போனது. பெரிய பிளேன் தூரத்தில் வெள்ளையாகப் போனது. தூரம்தான். எனக்கு மூக்கை உரசியது போல இருந்தது.

மறுபடி இங்கிலீஷில் ஏதோ குரல்.

"இன்னொண்ணு வருதாம். சார்ஜா பிளேன். அதுவும் போகட்டும்."

செல்வராசு!

பஸ்ஸில் பழகிய கை. கூரையில் இரண்டு தட்டு தட்டி, "ஓல்டான்! ஓல்டான்!" என்று கத்திவிட்டேன்.

"அண்ணா, இதை நிறுத்த முடியாது. நின்னா விழுந்துடும்."

கையை இறக்கிக்கொண்டு கேட்டேன். "எப்பத்தாம்மா நம்மள விடுவாங்க?"

"உயிர் போற கேஸ்னா உடனே விடுவாங்க" என்றாள்.

கை நெஞ்சுக்குப் போனது. (சத்தியமாக, தானாகத்தான்.)

"என்னண்ணா, நெஞ்சு வலிக்குதா?"

தலையாட்டினேன். காடு காட்டியபோது ஆட்டிய அதே தலை.

அவள் சிரிப்பு நின்றது. மைக்கில் படபடவென்று பேசினாள். பிளேன் நேராகப் பாய்ந்தது. கீழே தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ். என்னை ஸ்ட்ரெச்சரில் போட்டுக் கட்டினார்கள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். கையைப் பிடித்துப் பார்த்தார்.

"காலையில என்ன சாப்ட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"நெஞ்சுலயும் ஒண்ணுமில்ல. பயம்" என்றார். பைலட் பெண் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது.

என்றாலும் வாசல்வரை ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டுவந்தார்கள். என் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். மாமனார் முதல்முறையாக என் செருப்பைப் பார்க்கவில்லை. (அது பிளேனிலேயே கிடந்தது.) பயம்தான் என்று டாக்டர் சொன்னதை நானே சொல்ல வேண்டியதாயிற்று.

அரை மணி கழித்து செல்வராசு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வரும்போதே பேச்சு.

"எங்க பிளேன மேலயே சுத்த வுட்டுட்டாங்கப்பா! ஏதோ சின்ன பிளேன்ல உயிர் போற கேஸாம். பக்கத்து சீட்டுல ஏலாக்குறிச்சிக்காரம்மா ஒண்ணு, அந்த மகராசன் பொழச்சா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறேன்னு அழுவுது. நானும் வேண்டிக்கிட்டேன்."

அப்புறம்தான் கீழே, இன்னும் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்த என்னைப் பார்த்தான்.

"மாமா?"

"எறங்கிட்டேன்" என்றேன். "முன்னாடியே."

முகம் தெரியாத ஒருத்தி எனக்காக வேண்டிக்கொண்டதைப் பொய்யாக்கக் கூடாது என்றாள் சம்சாரம். அதனால் வருஷா வருஷம் பஸ் ஏறி ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காவிட்டால் மாமனார் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "மாப்ள, நெஞ்சப் புடிங்க!"

போன மாதம் மாமனார் வீட்டில் இருந்தபோது நிஜமாகவே வலித்தது. சொன்னேன். வீடே சிரித்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வாயுதானாம்.