படம் நனையக் கூடாது

ஒரு கூரைத் தகடு நிறுவனம் தன்னுடைய பொறுப்புகள் அனைத்தையும் ஒரே அதிகாரியிடம் ஒப்படைத்திருந்தது. மற்றவர்கள் நிம்மதியாக வேலை பார்க்க வேண்டும் அல்லவா? அவருடைய அறைக் கதவில் 'சமூகப் பொறுப்பு' என்று பித்தளைப் பலகை பளபளத்தது. ஆதரவற்ற குழந்தைகளிடம் அன்பு செலுத்துவது அவருடைய வேலை. அலுவலக நேரத்தில் தவறாமல் செலுத்தி வந்தார்.

அந்த வருடம் அந்த அன்பு பெரியம்மாவின் விடுதிப் பக்கம் திரும்பியது. பெரியம்மா அங்கே காப்பாளர். பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பால்காரர் வரைக்கும் எல்லோருக்கும் பெரியம்மாவாகிவிட்டவள். அவளுக்கு ஒரே ஒரு கவலை. சின்னப் பிள்ளைகள் படுக்கும் கூடத்தில் கூரை ஒழுகியது. மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். இருப்பதிலேயே சின்னவள் சுண்டு. போன மழையில் பிடித்த இருமல் அவளை இன்னும் விடவில்லை. அடுத்த மழைக்குள் கூரையை மாற்றியாக வேண்டும். இந்த நேரத்தில் கூரைத் தகடு நிறுவனமே தேடி வந்ததும் பெரியம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"எங்களுக்கு வேண்டியது கூரைத் தகடுதான் சார்" என்றாள்.

அதிகாரி சங்கடமாக நெளிந்தார். "நாங்க விக்கிறதே அதுதான் மேடம். அதையே உங்களுக்குக் குடுத்தா வியாபாரமும் தர்மமும் கலந்துடும். ரெண்டையும் கலக்கக் கூடாதுங்கறது எங்க கொள்கை."

"அப்ப காசாக் குடுங்க. வேற கம்பெனியில வாங்கிக்கறோம்."

"எங்க தர்மத்தைக் கொண்டுபோய்ப் போட்டிக் கம்பெனியில கொட்டச் சொல்றீங்களா?"

இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று பெரியம்மாவுக்குப் பிடிபடவில்லை. எங்கேயோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

"சுவருக்கு வண்ணம் அடிச்சுத் தர்றோம். எங்க ஊழியர்களே வந்து அடிப்பாங்க" என்றார் அதிகாரி.

"ஐயோ, வேண்டாம் சார். வருஷா வருஷம் ஒரு கம்பெனி வந்து அடிச்சுட்டுப் போகுது. பெயிண்ட் தடிச்சுப் போய் கதவையே சாத்த முடியல."

அவள் சொன்னது உண்மை. முதல் கம்பெனி வரைந்த வானவில்லின் மேல் அடுத்த கம்பெனி யானை வரைந்தது. யானை மேல் ராக்கெட், ராக்கெட் மேல் மறுபடியும் வானவில். கூடம் உள்பக்கமாகக் குறுகிக்கொண்டே வந்தது.

"கூரையில இன்னொரு சிக்கலும் இருக்கு மேடம். கீழ இருந்து எடுத்தா கூரை மட்டும்தான் படத்துல தெரியும். குழந்தை இல்லாத படத்தை மேலிடம் ஏத்துக்காது."

பெரியம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "குழந்தைதானே தெரியணும்? மழை பெய்யறப்ப வாங்க. நல்லாத் தெரியும்."

கோபத்தில் சொன்னதை அதிகாரி யோசனையாக எடுத்துக்கொண்டார்.

முதல் மழைக்கே புகைப்படக்காரரோடு வந்து நின்றார். எத்தனை முறை கூப்பிட்டும் வராத கொத்தனாரை நினைத்துப் பெரியம்மா பெருமூச்சு விட்டாள். கூடத்தின் நடுவில் சுண்டு ஒரு குடத்தை அணைத்துக்கொண்டு, ஒழுகும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தெறித்த தண்ணீர் கன்னத்தில் பட்டதும் கிளுகிளுவென்று சிரித்தாள்.

"சிரிக்காதே பாப்பா" என்றார் புகைப்படக்காரர்.

"ஏன்?"

"உனக்குக் கஷ்டமா இருக்குல்ல?"

"இல்லையே. கூச்சமா இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "ஆங், அப்படியே, அப்படியே" என்று புகைப்படக்காரர் கிளிக் செய்துகொண்டார்.

அந்தப் படம் பெரிய பரிசு வாங்கியது. ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது, நாட்காட்டியில் வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கண் கலங்கினார்கள். கலங்கியதே ஒரு உதவி செய்த மாதிரி இருந்ததால், வேறு உதவி யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் வீட்டிலும் அந்த நாட்காட்டி தொங்கிக்கொண்டிருக்கலாம்.

பெரியம்மா தொலைபேசியில் அழைத்தாள். "கூரை என்னாச்சு சார்?"

"இப்பப் போய்க் கூரை போட்டா, பரிசு வாங்கின படம் பொய்யாயிடும் மேடம். நேர்மைன்னு ஒண்ணு இருக்கே."

ஆனாலும் நிறுவனம் நன்றி மறக்கவில்லை. அதே படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, ஓரத்தில் முதலாளியின் புன்னகையையும் கையெழுத்தையும் சேர்த்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, அதிகாரியிடமே கொடுத்து விடுதிக்கு அன்பளிப்பாக அனுப்பியது. கூடத்துச் சுவரில் மாட்டி முடித்ததும் பெரியம்மா மேலே பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள்.

"இந்த இடத்துலயும் ஒழுகும் சார். முதலாளி கையெழுத்து கரைஞ்சுடும்."

அதிகாரியின் முகம் வெளிறியது. "இது கம்பெனி சொத்து மேடம்."

மறுநாள் காலையில் சொத்துப் பாதுகாப்புப் பிரிவு லாரியோடு வந்து இறங்கியது. நிறுவனத்தின் சொந்தத் தகடுகளையே கொண்டுவந்திருந்தார்கள். சொத்தைக் காப்பது தர்மம் ஆகாது என்பதால் கொள்கைக்கு எந்தப் பங்கமும் வரவில்லை. படம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு மட்டும் கூரையை மாற்றிவிட்டுப் போனார்கள்.

அடுத்த மழையில் பிள்ளைகள் எல்லோரும் படத்துக்குக் கீழே இடித்துக்கொண்டு படுத்தார்கள். கால் நீட்டித் தூங்கினார்கள். சுண்டுவின் இருமல் குறைந்தது. பெரியம்மா அன்றைக்குத்தான் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். இதைக் கேள்விப்பட்ட அதிகாரி, குழந்தைகள் நன்றிப் பெருக்கால் முதலாளியின் காலடியிலேயே உறங்குவதாக மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் நெகிழ்ந்துபோய், அடுத்த வருடமும் அதே விடுதி என்று உத்தரவு போட்டது.

"இந்தத் தடவை என்ன வேணும் மேடம்?"

பெரியம்மா தேறிவிட்டாள். "இன்னொரு படம் சார். இதைவிட அகலமா. அந்த மூலையில மாட்டறதுக்கு."

"தாராளமா. ஆனா அதுவும் பரிசு வாங்கின படமா இருக்கணுமே. ஒழுகல் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"கடவுள் புண்ணியத்துல அந்த மூலை நல்லாவே ஒழுகுது."

அதிகாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வானம் இருட்டியபோது புகைப்படக்காரர் தயாராக நின்றார். பெரியம்மா கூடத்துக்கு ஓடினாள். வழக்கமாக மழை வந்தால் பாயைச் சுருட்டத்தான் ஓடுவாள். இன்று சுண்டுவை எழுப்பி, கையில் குடத்தைக் கொடுத்து, மூலையில் கொண்டுபோய் நிறுத்தினாள். சொட்டு அவள் தலையில் விழுந்தது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுடி கண்ணு. வெளிச்சம் விழல" என்றாள் பெரியம்மா.

சுண்டு தள்ளி நின்றாள். குடத்தைச் சரியாக அணைத்துக்கொண்டாள்.

"இப்ப இருமட்டுமா பெரியம்மா?"