ஞாயிற்றுக்கிழமை வழங்கப்பட்ட பாஸ்போர்ட்

பொய் சொல்லாதவர்களை ஊர் உத்தமர் என்கிறது. என் விஷயத்தில் அது உத்தமம் இல்லை, ஒரு கோளாறு. எனக்கு ஒரு தகவலைப் பாதியில் நிறுத்தத் தெரியாது. தேதி சம்பந்தப்பட்ட தகவல் என்றால் கேட்கவே வேண்டாம். பால்காரருக்கு எழுதி வைக்கும் துண்டுச் சீட்டில்கூட வலது மூலையில் ஊர், ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, மணி எல்லாம் போட்டுவிட்டுத்தான் ‘நாளை அரை லிட்டர் போதும்’ என்று எழுதுவேன். (படித்து முடிப்பதற்குள் பால் திரிந்துவிடும் என்பது என் மனைவி விஜயாவின் கருத்து.)

இப்படிப்பட்ட நான் ஒன்பது நாட்கள் பெயரில்லாத மனிதனாக வாழ முயன்றேன்.

நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்று, செவிலிமேட்டுக்குக் குடிவந்த பிறகு காஞ்சிபுரத்துச் சந்தைகளின் வரலாற்றை எழுதத் தொடங்கியிருந்தேன். பழைய வணிகக் குழுக்களில் ஆரம்பித்து, கைப்பேசியில் படம் காட்டிச் சேலை விற்பவர்கள் வரை பதினோரு அத்தியாயங்கள் முடிந்தன. பன்னிரண்டாவதாக, வாங்குபவன் முகமும் விற்பவன் முகமும் தெரியாத இணையக் கள்ளச் சந்தையைப் பற்றி எழுதிவிட்டால் நூல் முற்றுப்பெறும் என்று தோன்றியது. அதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். ஆனால் கல்வெட்டை நேரில் பார்க்காமல் அதைப் பற்றி எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஆகவே நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த நேரத்தில் வீட்டில் வேறொரு காரியம் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். விஜயா வாழ்க்கையில் முதல் முறையாகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தாள். காவல் நிலைய விசாரணை ஒன்றுதான் பாக்கி. குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறெதுவும் பேசுவதில்லை. நானோ பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் தவிர வேறெதுவும் நினைப்பதில்லை.

எனக்கு வழிகாட்டியவன் மச்சான் தண்டபாணி. மூன்று தறி வைத்திருப்பவன், டிஜிட்டல் காசிலும் கொஞ்சம் போட்டு வைத்திருப்பவன். அந்தக் காசு கைமாறும் ஒவ்வொரு முறையும் நாள், மணியோடு ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், அதை யாராலும் அழிக்க முடியாது என்று அவன் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பதிவேட்டுக்காகத்தானே இத்தனை வருடம் அலுவலகத்தில் சண்டை போட்டேன்!

அப்படியானால் கள்ளன் எப்படி ஒளிகிறான் என்று கேட்டேன்.

“பத்து வீட்டு நூலை ஒரே சாயத் தொட்டியில முக்கி எடுத்தா, எது யார் வீட்டு நூல்னு எப்படி மாமா தெரியும்? அந்த மாதிரி காசைக் கலக்கி விடறதுக்குன்னே ஆளுங்க இருக்கறாங்க.”

நூலில் அடையாளக் கயிறு கட்டியிருக்குமே என்றேன்.

“மாமா, பாக்கறதோட நிறுத்திக்குங்க. எதுவும் வாங்காதீங்க. முக்கியமா, யார்கிட்டயும் பேசாதீங்க.”

அவன் எச்சரிக்கையைத் தேதியிட்டுக் குறித்துக்கொண்டேன்.

உள்ளே நுழைய ஒரு புனைபெயர் வேண்டும், முன்பணமாகக் கொஞ்சம் டிஜிட்டல் காசும் கட்ட வேண்டும். ‘யாருமில்லை’ என்று பெயர் வைத்துக்கொண்டேன். பெயரோடு சேர்க்கச் சில எண்களும் கேட்டார்கள். என் பிறந்த தேதியைக் கொடுத்தேன். (மறக்காமல் இருக்கும் அல்லவா!)

சந்தை நான் எதிர்பார்த்ததுபோல் இருட்டாக இல்லை. நம் ஊர் ஜவுளிக் கடைகளைவிட ஒழுங்காக இருந்தது. போதைப் பொருளுக்கு நட்சத்திர மதிப்பெண், திருட்டு அட்டை எண்களுக்கு வாடிக்கையாளர் கருத்து, ‘சரக்கு சொன்ன நாளில் வந்தது, நன்றி’ என்று பாராட்டு வேறு. தினமும் மதியம் விஜயா கண்ணயரும் நேரத்தில் பார்த்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வந்தேன்.

ஆறாம் நாள் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். போலிப் பாஸ்போர்ட் விற்பவர்கள். ஒரு மாதிரிப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். வழங்கிய தேதியைப் பார்த்ததுமே மனம் தானாகக் கணக்குப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை! எந்த அரசு அலுவலகத்தில் ஐயா ஞாயிற்றுக்கிழமை பாஸ்போர்ட் வழங்குகிறார்கள்?

கணினியை மூடினேன். காபி போட்டுக் குடித்தேன். முடியவில்லை. தறியில் ஏற்றிய பாவில் ஓர் இழை அறுந்திருந்தால் நெசவாளி கண்ணுக்கு மொத்தப் பாவும் மறைந்து அந்த ஓர் இழைதான் தெரியும். எனக்கும் அப்படித்தான். திரும்பத் திறந்து கடிதம் எழுதினேன். வலது மூலையில் ‘செவிலிமேடு, காஞ்சிபுரம்’, கீழே தேதி, கிழமை, மணி. பிறகு ‘அன்புடையீர்’ என்று ஆரம்பித்து, தாங்கள் காட்டியுள்ள தேதி விடுமுறை நாள் என்பதைப் பணிவுடன் தெரிவித்தேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. நன்றி, திருத்திவிட்டோம், உங்களுக்கு எப்போதும் தள்ளுபடி உண்டு.

முதலில் வந்தது பெருமைதான், மறைக்க மாட்டேன். பத்திரிகைகளுக்கு எத்தனையோ திருத்தங்கள் எழுதியிருக்கிறேன், ஒருவரும் பதில் போட்டதில்லை. இரண்டாவது காபியின் பாதியில்தான் நான் செய்த காரியம் என்னவென்று உறைத்தது. போலிப் பாஸ்போர்ட்டுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்திருக்கிறேன், அதுவும் ஊர்ப் பெயரோடு.

தண்டபாணியிடம் ஓடினேன். தறியிலிருந்து இறங்காமலே கேட்டான். கேட்டு முடித்தபின் இறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

“கள்ளச் சந்தையில போயி விலாசம் போட்டு லெட்டர் எழுதின மொத ஆளு நீங்கதான் மாமா.”

அக்காவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான். அடுத்த மூன்று நாட்கள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றேன். ஒன்பதாம் நாள் சந்தை திறக்கவில்லை. நடத்தியவர்கள் எல்லோருடைய காசையும் சுருட்டிக்கொண்டு மறைந்துவிட்டார்களாம், அங்கே இது சகஜமாம். என் முன்பணமும் போயிற்று. காசு பறிகொடுத்துவிட்டுக் கோயிலில் அர்ச்சனை செய்தவன் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் புதன்கிழமை, காலை பத்து இருபதுக்கு, விஜயாவின் விசாரணைக்காக ஏட்டு வந்தார். நிதானமான மனிதர். மோர் வாங்கிக் குடித்தார், ஆதார் பார்த்தார், பக்கத்து வீட்டார் இருவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். கடைசியாக, கேட்கிற வழக்கத்துக்காக ஒரு கேள்வி.

“வூட்ல யாரு மேலயாவது கேஸு எதனா இருக்குதாம்மா?”

“இல்லீங்க,” என்றாள் விஜயா.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் பின்னால் நான் நின்றிருந்தேன்.

“இதுவரைக்கும் இல்லை,” என்றேன்.

ஏட்டின் பேனா நின்றது. எனக்கு ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியாது என்பதைத்தான் முதலிலேயே சொன்னேனே. நோட்டை எடுத்து வந்து முதல் நாளிலிருந்து படித்துக் காட்டினேன். நாற்பது நிமிடங்கள். விஜயா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. கட்டி வைத்த பெட்டியைக் கையிலிருந்து பிடுங்கியதுபோல் இருந்தாள்.

“என்னங்க, அவரு என் பாஸ்போர்ட்டுக்கு வந்துக்கிறாரு,” என்றாள் மெதுவாக. அத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

ஏட்டு நோட்டை வாங்கித் தானே புரட்டினார். ஓர் இடத்தில் விரல் வைத்தார்.

“மூணு மணி பன்னண்டு நிமிஷம், காபின்னு போட்டுக்கிறீங்களே. அது எதுக்கு சார்?”

“குடித்தேன். எழுதினேன்.”

அவர் சிரிப்பை அடக்க முயன்று, மோர் தம்ளரை எடுத்து, அது காலியாக இருந்தும் குடித்தார். பிறகு விஜயாவின் தாளில் கையெழுத்துப் போட்டார்.

“விண்ணப்பம் அம்மாவுது. அவங்க மேல ஒண்ணுமில்ல. இந்த நோட்டுக்கு என் பேப்பர்ல எடம் கெடயாது. நீங்க இத எடுத்துக்கினு இன்னிக்கே சைபர் கிரைம் ஆபீசுக்குப் போயி, நீங்களாவே ஒரு மனு குடுத்துடுங்க. தப்பு பண்றவன் காபி டைம் எழுத மாட்டான் சார்.”

அன்று மதியமே போனேன். துணை ஆய்வாளர், என் மகள் வயதுப் பெண், நோட்டு முழுவதையும் நகல் எடுத்துக்கொண்டார். அந்த மாதிரிப் பக்கத்தில் வேறு தவறு ஏதும் இருந்ததா என்று கேட்டார். மூன்று இருந்தன என்றேன்.

“அதையும் அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா சார்?”

“இல்லைம்மா. விரிவாக எழுத வேண்டும் என்று தள்ளி வைத்திருந்தேன்.”

அவர் கண்ணை மூடித் திறந்து, இனி யாருக்கும் எதையும் திருத்திக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி ரசீது கொடுத்தார். அதில் தேதி போட மறந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. (வெளியே வந்து நானே போட்டுக்கொண்டேன்.)

பாஸ்போர்ட் வந்தது. பிரசவத்துக்கு நான்கு நாள் முன்பே விஜயா சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தாள். பேத்தியை முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். அவள் புறப்பட்ட அன்று, விமானம் கிளம்பிவிட்டது என்று தண்டபாணி சொன்ன பிறகுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். என் நூல் பதினோரு அத்தியாயங்களோடு முற்றுப்பெற்றது.

ஏட்டு வந்துபோன நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. சாப்பிட்டாயிற்றா, பேருந்து வந்ததா, எதைக் கேட்டாலும் ‘இதுவரைக்கும் இல்லை’ என்கிறார்கள், என்னைப் பார்த்துக்கொண்டே. போன மாதம் பேத்திக்குப் பாஸ்போர்ட் வந்தது. மகள் வீடியோவில் அதைப் பிரித்துக் காட்டினாள். எல்லோரும் குழந்தையின் படத்தைப் பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருக்க, விஜயா மட்டும் என் பக்கம் திரும்பினாள்.

“கெழம பாத்தாச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை.