ஏழு விசிறியும் வெளியே பார்த்த கதை

தனியாக இருக்கிறவன் கையில் திருப்புளியைக் கொடுக்கக் கூடாது. நன்றாக ஓடுகிற பொருளைக்கூடப் பிரித்துப் போட்டுவிடுவான். (பேச ஆள் இருக்கிறவனுக்கு இந்தப் புத்தி வராது.) நான் பிரிக்கக்கூட இல்லை, புதிதாகவே ஒன்றைப் பூட்டினேன்.

எனக்குச் சொந்த ஊர் மல்லாங்கிணறு. அம்மா போன பிறகு அங்கே தேடிப் போக ஆள் இல்லை. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிற வேலை, மாடியில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் "ஒரு டீ" என்று சொன்னால், மறுநாள் வேலைக்குப் போகும் வரை என் வாய்க்கு வேறு வேலை கிடையாது. குரல் இருக்கிறதா போய்விட்டதா என்று சும்மா இருமிப் பார்த்த ஞாயிறுகள் உண்டு.

அந்த நிலைமையில்தான் தண்ணீரில் குளிர்கிற கம்ப்யூட்டர் ஒன்றை நானே பூட்டுவது என்று முடிவெடுத்தேன். 'லேபிள் வரைய வேகமான மெஷின் வேணும்' என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயில் தண்ணீர் ஓடி, ஏழு விசிறியும் கலர் கலராகச் சுற்றினால், பார்க்க நாலு பேராவது வருவார்கள் இல்லையா?

"தண்ணி ஓடுற கம்ப்யூட்டரா? ஷாக் அடிக்காதா தம்பி?" என்றார் செல்வி அக்கா. பெட்டி ஒட்டுகிற பிரிவில் இருப்பவர். அதற்கு முன்னால் பத்து வருசம் பட்டாசு கம்பெனியில் இருந்தவர்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாருங்கக்கா."

"வாறோம். நீங்க டீ போடுங்க, நான் முறுக்கு கொண்டாறேன்."

அச்சு மெஷின் ஓட்டுகிற மாரியப்பன் அண்ணாச்சியும் வருவதாகச் சொன்னார். பேச்சு பரவி மொத்தம் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரரைத் தவிர யாரும் கால் வைக்காத அறைக்கு எட்டுப் பேர்! சனிக்கிழமையே எட்டு நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தேன்.

இப்போது விசிறிக்கு வருவோம். பெட்டியின் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று, மேலே மூன்று. குழாயில் வரும் சுடுதண்ணீரை ஆற்றுவது மேலே இருக்கிற மூன்றும். விசிறியை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுகிறோமோ அந்தப் பக்கம் காற்றைத் தள்ளும். முன்னால் இருப்பவை காற்றை உள்ளே இழுக்க வேண்டும், மற்றவை வெளியே தள்ள வேண்டும். உலகம் பூராவும் இதுதான் வழக்கம். நானோ பட்டாசு ஊரில் இருக்கிறவன். இங்கே சூட்டுக்கு ஒரே பாடம்தான்: வெளியே போ. பட்டாசு அறைக்குக் கதவுகூட வெளிப்பக்கம்தான் திறக்கும். அதே நியாயத்தில் ஏழு விசிறியையும் வெளியே தள்ளுகிற மாதிரி மாட்டினேன். அதோடு விட்டேனா? தூசி உள்ளே போகக்கூடாது என்று, மிச்சமிருந்த சந்து பொந்தையெல்லாம் அச்சகத்தில் கழித்துப் போட்ட ஸ்டிக்கர் தாளை ஒட்டி அடைத்தேன். காற்று வெளியே போக ஏழு வழி, உள்ளே வர ஒரு வழி இல்லை. வெறும் வயிற்றுக்காரனை வாந்தி எடுக்கச் சொன்ன கதைதான். பக்கத்தில் ஒரு ஆள் இருந்து "காத்து எங்கன உள்ள வரும்?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்க யாரும் இல்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு எல்லாரும் வந்தார்கள். மெஷினை ஓடவிட்டு, பட்டாசு வானத்தில் பூப் பூவாக வெடிக்கிற ஒரு படத்தை அதை வரையவிட்டேன். விசிறிகள் சுற்றின, முறுக்குத் தட்டு சுற்றியது, எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாருக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் திண்டாடினேன். எம்புட்டு நாளாச்சு இப்படித் திண்டாடி!

திரையின் மூலையில் சூட்டைக் காட்டுகிற எண் ஏறிக்கொண்டே போனதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நிறுத்தினால் எழுந்து போய்விடுவார்களே! இன்னும் அஞ்சு நிமிசம் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாரியப்பன் அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார். "என்னமோ கருகுதுல்ல?"

ஸ்டிக்கர் பசை உருகிய வாடை அது. நான் வாயைத் திறப்பதற்குள் மின்சாரம் கொடுக்கிற டப்பா 'டப்' என்றது.

சிவகாசியில் 'டப்' சத்தம் கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். முதலில் ஓட்டம், யோசனையெல்லாம் தெருவுக்குப் போன பிறகுதான். கண் மூடித் திறப்பதற்குள் எட்டு நாற்காலியும் காலி. இரண்டு கவிழ்ந்து கிடந்தன. தரையெல்லாம் முறுக்கு.

சுவிட்சை அணைத்துவிட்டு நான் அங்கேயே நின்றேன். தைரியம் ஒன்றும் இல்லை. இனிமேல் இந்த அறைக்கு யார் வருவார்கள் என்று நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. இருபத்தொன்பது வயது தடிமாடு, முறுக்குக்கு நடுவில் நின்று அழுதேன்.

கீழே தெருவில் மாரியப்பன் அண்ணாச்சி குரல் கேட்டது. "எல்லாரும் வந்தாச்சா? எண்ணுங்க!"

பட்டாசு வேலை பார்த்தவர்கள் ஓடி முடித்ததும் செய்கிற முதல் காரியம் இதுதான். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி எட்டில் நின்றார்கள்.

"ஒம்பதுல்லா வரணும்? ஏலே, தங்கப்பாண்டி எங்கலே?"

அப்புறம் எட்டுப் பேரும் என் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். இரண்டு வருசமாக அந்தத் தெருவில் யாரும் சொல்லாத பேர். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு படிப்பக்கம் திரும்பினேன். படியில் தடதடவென்று ஏறி வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது செல்வி அக்கா.

"கூறு கெட்டவனே! டப்புன்னா ஓட மாட்டியா நீ?"

அதுவரை என்னை 'நீங்க' என்றுதான் பேசுவார். தரதரவென்று தெருவுக்கு இழுத்துப் போய், "ஒம்பது" என்று சொன்ன பிறகுதான் சட்டையை விட்டார்.

புகை அடங்கி எல்லாரும் மாடிக்கு வந்ததும் அண்ணாச்சி பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஏழும் வெளியவே பாத்துக்கிட்டு இருக்கு. உள்ள வாங்கன்னு சொல்ல ஒண்ணுகூட இல்லையேப்பா" என்றார். அறையே சிரித்தது. முன்னால் இருந்த மூன்றையும் அவர்தான் திருப்பி மாட்டிக் கொடுத்தார். வெடித்த மின்சார டப்பாவை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டேன், மெஷின் இன்றும் ஓடுகிறது.

இப்போதும் கல்யாணம், கோயில் என்று எல்லாரும் வேனில் கிளம்பினால் செல்வி அக்காதான் தலை எண்ணுவார். என்னை வேண்டுமென்றே விட்டுவிட்டு எண்ணி, "ஒரு ஆளு குறையுதே, உள்ள நின்னு அழுதுக்கிட்டு இருக்கானா பாருங்கப்பா" என்பார். வேன் குலுங்கச் சிரிக்கும். அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு நானும் வாயைத் திறக்க மாட்டேன், யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிடும் வரை.