வண்டிக்கடையில் பெண் பார்த்த விவரம்

அன்பும் மரியாதையும் மிக்க ஹெலன் அக்காவுக்கு,

அத்திப்பட்டிலிருந்து உங்கள் ஒரே தம்பி பாக்கியநாதன் எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். மீஞ்சூரில் உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் சர்க்கரையும் குறைந்திருக்க வேண்டுமென்று நானும் கங்கம்மாவும் தினமும் ஜெபிக்கிறோம். பதினோரு முறை போன் செய்தும் நீங்கள் எடுக்காததால், ரிடையர் ஆன பிறகு முதல் தடவையாகப் பேனா பிடிக்கிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

நான் குடும்பத்தோடு கும்மிடிப்பூண்டி ரோட்டோரத்தில் வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன் என்று யாரோ உங்களிடம் சொன்னார்களாம். உங்களை விட்டுவிட்டு என் பையன் எபினேசருக்குப் பெண் பார்த்தேன் என்றும் சொன்னார்களாம். இரண்டாவது உண்மை. முதலாவதும் ஏறக்குறைய உண்மை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நம் எபினேசர் வேலை பார்க்கிற கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிற பெண் அஸ்வினி. ஊர் பழவேற்காடு பக்கம். அப்பா தேசப்பன் ஏரியில் மீன் பிடிக்கிறவர், அம்மா அங்காளம்மாள். பிள்ளைகளுக்குள் இரண்டு வருடப் பழக்கம். அவர்கள் வீட்டுக்கு நாம் போனால் விபூதித் தட்டை நீட்டுவார்கள், நாம் முழிப்போம். அவர்கள் நம் வீட்டுக்கு வந்தால் நாம் ஜெபம் பண்ணுவோம், அவர்கள் முழிப்பார்கள். இதையெல்லாம் யோசித்து எபினேசர், "ஊடே வாணாம்பா. பொதுவா ஒரு எடத்துல சாப்டுக்கினே பேசலாம். அந்தப் பக்கம் அப்பா அம்மா, இந்தப் பக்கம் அப்பா அம்மா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டான். உங்களை அழைக்காததற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

பொதுவான இடம் என்றால் ஏசி ஹோட்டல்தானே என்று நான் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டேன். சனிக்கிழமை ஐந்து மணிக்கு சிப்காட் சர்வீஸ் ரோட்டில் எங்களை இறக்கிவிட்டு, "அதோ அந்த வண்டிதாம்மா" என்று கைகாட்டிவிட்டு, அவன் பெண்வீட்டாரை அழைத்துவர பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டான். மஞ்சள் பெயிண்ட் அடித்த பழைய மினி லாரி. அதுதான் கடையே என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதில் ஏறித்தான் ஹோட்டலுக்குப் போகவேண்டும் போலிருக்கிறது என்று கங்கம்மா பட்டுப்புடவையும் பழத்தட்டுமாகப் பின்பக்கம் ஏறி, ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் லோகு திரும்பிப் பார்த்தார்.

"வேலைக்கி யாராச்சும் பட்டுப்பொடவ கட்டிக்கினு வருவாங்களா? செரி, வந்ததே பெருசு. இத உரி" என்று ஒரு பேசின் வெங்காயத்தை அவள் மடியில் வைத்தார்.

அன்றைக்குப் புதிதாக ஓர் அம்மா வேலைக்கு வருவதாக இருந்ததாம். உங்கள் தம்பி மனைவியைத்தான் தெரியுமே, கையில் எதைக் கொடுத்தாலும் முடித்துவிட்டுத்தான் கேள்வி கேட்பாள். உரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் கீழே நின்று, "இன்னா கங்கம்மா, வண்டி எப்ப கெளம்புமாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பெண்வீட்டார் வந்து சேர்ந்தார்கள்.

எபினேசர் தலையில் கை வைத்துக்கொண்டான். அங்காளம்மாள் நல்ல மனுஷி, அக்கா. "மாப்பிள அம்மா வேல செய்யசொல்ல நான் குந்திக்கினு வேடிக்க பாக்கறதா?" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு அவரும் வண்டியில் ஏறிவிட்டார். தேசப்பன் என் எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆள் ஆறடி, ஸ்டூல் ஒன்றரையடி. மீன் வறுவலை வாயில் போட்டு, "இந்த மீனு செத்து எவ்ளோ நாளாச்சின்னு அதுக்கே மறந்து பூட்டுருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் ஸ்டூலின் கால் மடங்கி, அவர் என்மேல் விழ, மசாலா முழுவதும் என் சட்டையில். அந்த மனுஷன் தன் தோள்துண்டால் என்னைத் துடைத்த துடைப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் எங்களுக்குள் கூச்சமே இல்லை.

ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து மூன்று கம்பெனி பஸ் வந்து நின்றது. லோகு ஒற்றை ஆள். "அண்ணே, நம்பர மட்டும் கூவுண்ணே" என்று டோக்கன் கட்டை என் கையில் திணித்தார். நான் பதினேழை எழுபது என்று கூவி இரண்டு பேரைச் சண்டைக்கு விட்டுக்கொண்டிருந்தபோதுதான் பெரிய விபரீதம் நடந்தது.

வண்டிக்குள் இரண்டு அம்மாக்களுக்கும் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது. எபினேசர் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, அழாதம்மா. ஒங்க ரெண்டு பேருக்கும் புடிக்கலன்னா வாணாம். நான் அஸ்வினிய மறந்துர்றேன்."

அஸ்வினி சரியாக அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாது? ரெண்டு வருஷத்த ரெண்டு நிமிஷத்துல மறந்துருவியா நீ?" என்று கையிலிருந்த தட்டை அவனிடம் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று நடந்துவிட்டாள்.

"டேய் பேமானி, வெங்காயம்டா!" என்று கங்கம்மா உள்ளேயிருந்து கத்தினாள். பெண் அதற்குள் லாரிகளைத் தாண்டிப் போய்விட்டாள். இவன் தட்டோடு மரம்போல நிற்கிறான். வேறு வழியில்லாமல் நான் ஓடினேன். இந்த வயதில், டோக்கன் கட்டோடு.

பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன். பேச வாய் திறந்தால் மூச்சுதான் வருகிறது. அவள் என்னைப் பார்த்ததும் கோபத்தை மறந்துவிட்டாள். "ஐயோ மாமா, நீங்க ஏன் ஓடியாறீங்க? மொதல்ல குந்துங்க" என்று என் தலையில் தட்டித் தட்டித் தன் பாட்டில் தண்ணீரைக் குடிக்க வைத்தாள். அக்கா, அவள் என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெண் பிள்ளை இல்லாத குறை அந்த ஒரு வாய்த் தண்ணீரில் போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என் கண்ணில் வந்த கண்ணீர் வெங்காயத்தினால் வந்ததல்ல.

"அவன் மக்குமா. ஆனா நல்லவன்" என்றேன்.

"மக்குன்னு எனக்குத் தெரியாதா மாமா? அவனயே வந்து கூப்டச் சொல்லுங்க."

அவன் வந்தான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, கொஞ்சம்தான் கேட்டேன். "இன்னொரு வாட்டி மறந்துர்றேன்னு சொன்ன, ஒன் பேர ஒனக்கே மறக்கடிச்சிருவேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதற்குள் வண்டிக்குள் இரண்டு அம்மாக்களும் புடவை நிறம்வரை பேசி முடித்திருந்தார்கள்.

கல்யாணம் சர்ச்சிலா, கோயிலிலா என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே உடைந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். குடும்பத்துக்கு மூத்தவர் நீங்கள். நீங்கள் கோபத்தை விட்டு வந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் காரியம் நகரும். நீங்கள் இல்லாமல் நான் தேதி குறிக்க மாட்டேன். இது உறுதி.

மாமாவுக்கு எங்கள் தோத்திரம். உங்கள் மகள் பிரின்சியையும் அவள் குழந்தையையும் கேட்டதாகச் சொல்லவும். கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளும், எனக்கு உங்கள் ஒரு போன் காலும் அருள்வாராக.

உங்கள் அன்புத் தம்பி,
பாக்கியநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது தேசப்பன் கூப்பிட்டார். நாங்கள் பெண் பார்த்த கையோடு, போன செவ்வாயே நீங்கள் ஆட்டோ பிடித்துப் பழவேற்காடு போய், இறால் குழம்பு சாப்பிட்டு, காலையில் சர்ச், சாயங்காலம் கோயில் என்று பேசி முடித்து, தேதியும் குறித்துவிட்டு வந்தீர்களாமே! கங்கம்மாவுக்குக்கூடத் தெரியுமாம். பையனைப் பெத்தவன் நான்தான அக்கா? தேதி இன்னான்னு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?