நம்மாளு வேற, அந்தாளு வேற

வித்தியாசக்காரரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று தலையை ஆட்டாதீர்கள். ஒரே கட்சியில், ஒரே பதவிக்கு, ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு, ஒரே தலைவரின் படத்துக்குக் கீழே நின்று கைகூப்பும் இரண்டு பேரில், ஒருவர் கட்சியைக் காக்க வந்தவர், மற்றவர் கட்சியைக் கவிழ்க்க வந்தவர் என்று தொண்டை கட்டும்வரை வாதாடுகிறாரே, அவர்தான். எதிர்க்கட்சிக்காரன்மேல் அவருக்கு அவ்வளவு கோபம் கிடையாது. அவன் யாரோ. கோபமெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரன்மேல்தான்.

இந்த இனத்துக்கு அப்பழுக்கில்லாத உதாரணமாக ஒருவர் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். முன்பக்கம் அவர்: கண்ணைப் பரிசோதிப்பார், பிரேம் காட்டுவார், மூக்கு சின்னதாக இருந்தால் மூக்கையே குறை சொல்லுவார். மரத் தடுப்புக்குப் பின்னால், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தில், அவர் மனைவியின் தம்பி. பதினெட்டு வருடக் கூட்டு. அத்தான் ஒரு சீட்டில் பவரை எழுதித் தடுப்புக்கு மேலே நீட்டுவார், மச்சான் தேய்த்துக் கொடுப்பார். இருவரும் ஒரே கட்சி. கூட்டத்துக்கு ஒரே ஸ்கூட்டரில் போய், ஒரே சமயத்தில் கைதட்டிவிட்டு, ஒரே ஸ்கூட்டரில் திரும்புகிறவர்கள்.

அப்படியிருக்கையில் கட்சிக்கு நகரத் தலைவர் தேர்தல் வந்தது. ஒரு வக்கீலும் ஒரு லாரி முதலாளியும் நின்றார்கள். கண்ணாடிக்காரர் வக்கீல் பக்கம் சாய்ந்தார். மச்சான் லாரி ஏறிவிட்டார்.

வக்கீலின் சுவரொட்டியில் ‘உழைப்பு, ஒழுக்கம், ஒற்றுமை’ என்று போட்டிருந்தது. லாரிக்காரரின் சுவரொட்டியில் ‘ஒற்றுமை, ஒழுக்கம், உழைப்பு’.

“வரிசையைப் பாருடா! உங்காளுக்கு உழைப்பு கடைசியிலதான் ஞாபகம் வருது.”

“உங்காளுக்கு ஒற்றுமை கடைசியில. அதான் கட்சி இந்த நிலைமையில இருக்கு, அத்தான்.”

மூன்றாம் நாள் பேச்சு நின்றது. ஆனால் வாதம் நிற்கவில்லை. வித்தியாசக்காரர் பேசாமல் இருப்பார், வாதாடாமல் இருப்பாரா? வாதம் சீட்டுக்குப் போனது. பவருக்குக் கீழே அத்தான் ‘நேற்று உன் ஆள் உளறியதைக் கேட்டாயா?’ என்று எழுதி நீட்ட, அதே சீட்டின் ஓரத்தில் மச்சான் ‘உங்கள் ஆள் வாயே திறக்கவில்லையே’ என்று எழுதித் திருப்ப, அத்தான் பின்பக்கத்தில் பதில் எழுத, இடம் போதாமல் மச்சான் எண்களுக்கு மேலேயே எழுத, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் வலது கண் எது, இடது கண் எது என்பது அரசியலில் மூழ்கிப்போனது.

அந்த அம்மா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். போனவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“என்னப்பா இது? படியெல்லாம் எழுந்து என்னைப் பார்த்து வருது!”

விழுந்திருந்தால் இடுப்பு போயிருக்கும். இருவரும் ஓடிப்போய்ப் பிடித்து உட்காரவைத்தார்கள். மன்னிப்புக் கேட்டார்கள். அதுவரை சரி. அப்புறம் கண்ணாடிக்காரர் வாயை அடக்கியிருக்கலாம்.

“லாரிக்காரனுக்குக் கொடி பிடிச்சா, வலது எது இடது எதுன்னு எப்படித் தெரியும்?” என்றார்.

மச்சான் தடுப்புக்குப் பின்னால் போனார். இயந்திரத்தை அணைத்தார். கையைக் கழுவினார். மேலங்கியை ஆணியில் மாட்டிவிட்டு, தெருவைக் கடந்து, எதிர் வரிசையில் இருந்த போட்டிக் கடைக்குள் நுழைந்துவிட்டார். அவர்கள் இதற்காகவே பத்து வருடமாகக் காத்திருந்தவர்கள்.

வீட்டில் மனைவி சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அந்த வக்கீலுக்கும் லாரிக்காரருக்கும் என்ன வித்தியாசம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நியாயமா இருந்தா இனிமே தம்பி பேச்சையே எடுக்கமாட்டேன்.”

“நம்மாளு கொள்கைக்காரர்.”

“என்ன கொள்கை?”

“கட்சிக் கொள்கைதான்.”

“அவரு என்ன வேற கட்சியா?”

கண்ணாடிக்காரர் தண்ணீரைக் குடித்தார். சில கேள்விகளுக்குத் தண்ணீர்தான் பதில்.

மறுநாள் காலை வக்கீலையே போய்ப் பார்த்துவிட்டார். “ஐயா, வீட்டுல கேக்கறாங்க. உங்களுக்கும் அவருக்கும் முக்கியமான வித்தியாசம் ஒண்ணு சொல்லுங்க.”

வக்கீல் கண்ணை மூடி யோசித்தார். “நான் அவரை மாதிரி இல்ல. அதான் வித்தியாசம்.”

“அவரைக் கேட்டாலும் இதையேதானே சொல்லுவாரு?”

“சொல்லுவாரு. ஆனா நான் முதல்ல சொல்லிட்டேன் பாருங்க!”

அந்தப் பதிலின் ஆழத்தை வியந்தபடியேதான் கண்ணாடிக்காரர் படியிறங்கினார். பாதித் தெருவில் வியப்பு தீர்ந்துவிட்டது.

தேர்தலில் லாரிக்காரர் ஒன்பது ஓட்டில் ஜெயித்தார். முடிவு அறிவித்த பத்தாவது நிமிடம் வக்கீல் மேடையேறி அவரைக் கட்டிக்கொண்டார். பதினைந்தாவது நிமிடம் வக்கீல் துணைத் தலைவர் ஆனார். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அவர் தழுதழுத்தார்: “எங்களுக்குள்ள என்னைக்கு வித்தியாசம் இருந்துச்சு? யாராவது ஒருத்தர் சொல்லுங்க பார்ப்போம்!”

அரங்கம் அதிரக் கைதட்டியது. வடக்கு வாசலில் நின்ற கண்ணாடிக்காரர் தட்டவில்லை. தெற்கு வாசலைப் பார்த்தார். ஜெயித்த பக்கத்து மச்சானும் தட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்ணாடிக்காரர் இரண்டு நாள் பொறுத்தார். தேய்க்க ஆளில்லாமல் சீட்டுகள் குவிந்தன. தடுப்புக்குப் பின்னால் இயந்திரம் ஓடாத அமைதி, காதில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலை தெருவைக் கடந்து, போட்டிக் கடையின் பரிசோதனை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“கண் பார்க்கணும்.”

மச்சான் ஏறிட்டுப் பார்த்தார். கனத்த வட்டச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, லென்ஸைச் செருகினார்.

“இது தெளிவா?” லென்ஸை எடுத்து மறுபடி செருகினார். “இல்ல, இதுவா?”

“முதல்ல போட்டதுதான். ரெண்டாவது கொஞ்சம் மங்கல்.”

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

“இருபத்தஞ்சு வருஷமா இதான்டா என் தொழில். முதலாவதுதான்!”

“ரெண்டும் ஒரே லென்ஸ் அத்தான். நான் மாத்தவே இல்ல.”

கண்ணாடிக்காரர் சட்டத்தைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு வந்ததா, வேறேதும் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“சீட்டுல கிறுக்கினது நானும்தானே. அந்த டீச்சரம்மா கண்ணாடி ரெடியா?”

“யாரு தேய்க்கறதாம்?”

மச்சான் எழுந்தார்.

எல்லாம் சுபம் என்கிறீர்களா? இப்போது கட்சியின் பொதுச் செயலாளர் பதவிக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். இந்தத் தடவை அத்தானும் மச்சானும் ஒரே பக்கம். ஒரே ஸ்கூட்டரில் போய், எதிர்ப்பக்கத்தை ஆதரிக்கும் தையல்காரரிடம் தொண்டை கட்ட வாதாடுகிறார்கள். “போன தடவை மாதிரி இல்லைங்க, இப்ப நிஜமாவே வித்தியாசம் இருக்கு!”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் குடியிருப்புச் சங்கத்துத் தேர்தலில், அலுவலக யூனியன் தேர்தலில், யாருக்காக யாரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறீர்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ‘அது வேற விஷயம், எங்காளு உண்மையிலேயே...’ என்று ஆரம்பிக்கிறீர்களா? முடிக்க வேண்டாம். மீதி எனக்குத் தெரியும். போன மாதம் நானும் அதையேதான் சொன்னேன்.