ஆல்டர்ஃபோர்ட் டோஸ்டர் பரணி

வாழ்க வென்டெல் க்ருபா! ஒளிர்பச்சை மேலங்கி மார்பில் மின்ன, மஞ்சள் நாடாச் சுருள் இடையில் தொங்க, எஃகுமுனைக் காலணி தரையை அதிரச்செய்ய, ஆல்டர்ஃபோர்ட் நகரப் பேருந்துப் பணிமனையின் ஈரத் தரைதோறும் 'வழுக்கும்' என்னும் பலகை நட்டு அறம் காத்த பாதுகாப்புத் தலைவன், ஏணிகளின் பகைவன், தீயணைப்பான்களின் தோழன், கைப்பிடி பற்றாது படியிறங்குவோரைப் பார்வையாலேயே சுட்டெரிக்க வல்லவன் நீடு வாழ்க! களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனுக்கே பரணி பாடுதல் பழைய மரபு. வென்டெலோ தன் பதவிக்காலம் முழுதும் ஒரு சுண்டெலிக்கும் ஊறு செய்யாதவன். எலிப்பொறியில் எவர் விரலேனும் சிக்கக்கூடும் என்று பொறியையே தடைசெய்தவன். ஆயினும் அவன் எதிர்த்து நின்ற பகை யானையினும் அடங்காதது என்பதால், மரபு சற்றே வளைந்து கொடுக்கட்டும்.

அப்பகை ஒரு டோஸ்டர்.

குரோமிய மேனியும் நான்கு வாய்களும் கொண்டது அது. பணிமனை மெக்கானிக் டெல்மார் ஓக்ஸ் எவர் வீட்டு வாசலிலோ நடந்த பழம்பொருள் விற்பனையில் கண்டெடுத்து வந்து ஓட்டுநர் ஓய்வறையில் குடியேற்றியது. அதன் வலப்புற வாய்கள் கொண்ட ரொட்டியை உரிய காலத்தில் உமிழும் நற்பண்பின. இடப்புற வாய்களோ கொண்டது விடாக் கொள்கையின. பக்கவாட்டில் ஓங்கித் தட்டினாலன்றி அவை எதையும் விடுவதில்லை. தட்ட மறந்து எவரேனும் திரும்பி நின்று நேற்றைய கால்பந்தாட்டம் பற்றி இரண்டு சொல் பேசிவிட்டால், ரொட்டி கரியாகும், கரி புகையாகும், புகை கூரையைத் தொடும், கூரையில் உறங்கும் அபாயமணி ஊழிக்காலத்து இடியென விழித்து அலறும், கணக்கர் முதல் வண்டி கழுவுவோர் வரை அனைவரும் வாகன நிறுத்துமிடத்துக்கு ஓடிவந்து குளிரில் நின்று தலை எண்ணப்படுவர். இது வாரந்தோறும் நிகழ்ந்த விழா.

எதிரணியின் தலைவியையும் ஏத்துவோம். பெயர் லொரெட்டா ஷிமான்ஸ்கி; குன்றேறும் ஒன்பதாம் தடத்தின் ஓட்டுநர்; தொழிலாளர் தேர்ந்த படைமுதல்வி; பனிமூட்டத்தைக் குரலால் கிழிப்பவள். அவள் செலுத்திய பேருந்து ஓய்வுபெறும் அகவையைக் கடந்து நெடுங்காலம் ஆகியும் ஓய்வு பெறாதது. அதன் ஹீட்டர் சென்ற குளிர்காலத்தில் உயிர்நீத்தது. அதற்கான உதிரிபாகத்தை உலகில் எவரும் இப்போது செய்வதில்லை. குளிர் பட்டால் லொரெட்டாவின் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். இப்படியே இன்னொரு குளிர்காலம் போனால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஸ்டியரிங் அன்றி அவளுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. ஆகவே புதிய பேருந்து என்பது அவளுக்கு ஊர்தி அன்று, பத்து விரல்.

இனி, அப்பேருந்துக்கான மழை பொழியும் வழியை உரைப்போம். வாஷிங்டன் என்னும் வான்மேகம் நாடெங்கும் உள்ள பேருந்து ஆணையங்களுக்குப் பொன்மாரி பொழிவது. புதுப் பேருந்தின் விலையில் பெரும்பங்கை அதுவே தாங்குவது. ஆனால் அம்மேகம் கேட்டவுடன் பொழிவதன்று. 'உம் பாதுகாப்புத் திட்டத்தை ஆண்டுதோறும் ஒரு குழு ஏற்றல் வேண்டும்; அக்குழுவில் தொழிலாளர் சரிபாதி, நிர்வாகத்தார் சரிபாதி அமர்தல் வேண்டும்; ஏற்பில்லையேல் பொன் இல்லை' என்பது அதன் ஆணை. விதி வகுத்த சான்றோர், சரிபாதியாக அமர்ந்தோர் சரியாக ஒத்துப்போவர் என்று கருதினர் போலும். ஆல்டர்ஃபோர்டில் நால்வர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். கூடிய போதெல்லாம் நான்கு நான்குடன் முட்டி நின்றது. துலாக்கோலின் முள் அசையவே இல்லை.

முட்டியது எதன்பொருட்டு? திட்டத்தின் ஆபத்து வரிசையில் முதலிடம் எதற்கு என்பதன்பொருட்டு. வென்டெலிடம் ஒரு கட்டம் இருந்தது. ஓர் இடையூறு எத்தனை முறை நேர்கிறது என்பதை ஒருபக்கமும், நேர்ந்தால் எவ்வளவு கேடு என்பதை மறுபக்கமும் வைத்தால், அது பச்சையா மஞ்சளா சிவப்பா என்று அக்கட்டம் தீர்ப்புரைக்கும். வென்டெல் அக்கட்டத்தை வழிபட்டான் என்றால் மிகையாகாது. டோஸ்டரோ அடிக்கடி புகைவது. முற்றினால் பணிமனையையே எரிக்க வல்லது. எனவே செக்கச்செவேலென முதலிடம். அதன் கீழே பனிச் சறுக்கல். அதன் கீழே வாகன நிறுத்துமிடத்தில் கூடுகட்டும் காட்டு வாத்துகள். அவற்றுக்கும் கீழே, இளம்பச்சை நிழலில், 'ஓட்டுநர் மீதான தாக்குதல்'.

இவ்வரிசையைக் கண்ட நாளில் லொரெட்டா கூட்ட மேசையைத் தட்டியது, முரசு கொட்டியது போல் இருந்தது.

"வென்டெல், போன மாசம் ஒருத்தன் என் மூஞ்சில சூடா காப்பிய ஊத்துனான். அது உன் லிஸ்ட்ல வாத்துக்குக் கீழ இருக்கு. வாத்துக்குக் கீழ!"

"வாத்து இந்த வருஷம் ஆறு தடவை கொத்தியிருக்கு, லொரெட்டா. ஆறும் பதிவாகியிருக்கு."

"அதுல நாலு தடவை கொத்து வாங்குனது நீதானேப்பா" என்றான் டெல்மார்.

அன்று மூண்டது போர். முதலில் வெட்சி: வென்டெல் ஓய்வறைக்குள் நண்பகலில் புகுந்து, டோஸ்டரை மஞ்சள் நாடாவால் சுற்றிச் சிறைப்படுத்தி, ஆநிரை கவர்ந்த மறவனெனத் தன் அறைக்குக் கொண்டுசென்று பூட்டினான். அடுத்துக் கரந்தை: டெல்மார் பூட்டைத் தொடாமல், கதவின் கீல்களைக் கழற்றி டோஸ்டரை மீட்டு, கீல்களை மீண்டும் பூட்டி, எண்ணெயும் இட்டுச் சென்றான், அக்கதவு அதன்பின் கிறீச்சிடவில்லை என்பதே கொள்ளைக்குச் சான்று. வென்டெல் சுவரின் மின்வாயை மூடினான். ஓட்டுநர்கள் அடுத்த அறையிலிருந்து நீள்மின்கம்பி இழுத்துவந்தனர். நீள்கம்பியோ தடுக்கி விழச்செய்வது, ஆகவே அது தனி ஆபத்தாகப் பட்டியலில் ஏறியது, பட்டியல் நீண்டது, பகையும் நீண்டது. இதை நொச்சி என்பதா உழிஞை என்பதா என்று இலக்கணம் வல்லார் தீர்க்கட்டும். ரொட்டி மட்டும் இருதிணைக்கும் பொதுவாகக் கருகிக்கொண்டிருந்தது.

இவ்வாறு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளி வந்தது. ஏற்பு வாஷிங்டனைச் சென்றடைய மாலை ஐந்து மணியே எல்லை. வெளியே பனியும் மழையும் கைகோத்துப் பெய்தன. உள்ளே குழு கடைசி முறையாகக் கூடியது. நிதி வேண்டி விண்ணப்பிக்கும் பணியினளும், நிர்வாக அணியில் ஒருத்தியும், தூக்கமிழந்த கண்ணினளும் ஆகிய கொரின் ஹட்சலர் எழுந்து நின்று இருபடைக்கும் நடுவே கைகூப்பினாள்.

"அஞ்சு மணிக்குள்ள எட்டுக் கையெழுத்தும் போகலன்னா நம்ம பணம் மில்பரோவுக்குப் போயிடும். மில்பரோவுக்கு! அவங்க புது பஸ்ல ஹீட்டரைப் போட்டுக்கிட்டு நம்ம ஊர் வழியா போவாங்க. நம்மளைப் பாத்துக் கை வேற காட்டுவாங்க."

அண்டை ஊராம் மில்பரோவின் பெயர் கேட்டு இருதரப்பும் ஒருசேரப் பல்லைக் கடித்தன. ஆயினும் மானம் பெரிதன்றோ! வென்டெல் நிமிர்ந்தான், ஒளிர்பச்சை அங்கியைச் சீர்செய்தான், தன் வாழ்நாள் மறையை முழங்கினான்: "பதிவில்லாதது நிகழாதது! இவ்வாண்டு டோஸ்டருக்கு முப்பத்தெட்டுப் பதிவு. ஓட்டுநர் தாக்குதலுக்கு இரண்டே பதிவு. நான் சொல்லவில்லை, கட்டம் சொல்கிறது!"

"ரெண்டா?" லொரெட்டா சிரித்த சிரிப்பில் சன்னல் அதிர்ந்தது. "ஏய்யா, ஒன்னு எழுதிக் குடுக்கணும்னா ஷிஃப்ட் முடிஞ்சப்புறம் முக்கால் மணி நேரம் உக்காரணும். மூஞ்சில எச்சில் துப்புனதுக்கு எவ உக்காந்து எழுதுவா? தொடச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவோம். உன் டோஸ்டருக்கு அந்தக் கஷ்டமே இல்ல. அது கத்துனா மணி அடிக்குது, தானா பதிவாகுது. நாங்க கத்துனா எங்கய்யா மணி அடிக்குது?"

பெருவீரர் வாழ்வில், எதிரியின் வாள் தன் கேடயத்தை அன்றி, தான் வணங்கும் தெய்வத்தின் பீடத்தைப் பிளந்தது காணும் ஒரு கணம் உண்டு. வென்டெல் தன் கட்டத்தைப் பார்த்தான். கட்டம் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு எவரும் உண்மை சொல்லவில்லை. வேறொருவனாயின் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பொருளுக்குப் போயிருப்பான். நம் தலைவனோ நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தான், மடிக்கணினியைத் திறந்தான்.

"சொல்லு, லொரெட்டா. வாயால சொல்லு. நான் எழுதுறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். வெளில நிக்கிறவங்களையும் கூப்புடு."

ஓய்வறையிலிருந்து ஓட்டுநர்கள் வந்தனர். வந்து தத்தம் விழுப்புண் உரைத்தனர். குடையால் குத்துண்டவள் வந்தாள். சில்லறை மாற்றித் தராததால் கன்னத்தில் அறையுண்டவன் வந்தான். உறைந்த வான்கோழியைப் பையோடு சுழற்றியெறிந்த மூதாட்டியால் தோள் பிசகியவன் வந்து, "அந்தம்மா மறுநாள் பை மட்டும் திருப்பிக் கேட்டுச்சு" என்று முறையிட்டான். பொய்ப்பல் எறியப்பட்டவனும் உளன். அது தடத்தின் மறுமுனைவரை டாஷ்போர்டில் சிரித்துக்கொண்டே வந்ததாம். முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு அச்சிரிப்பு மெல்ல மெல்ல அவிந்தது. ஏனெனில் சொல்வோர் வரிசை முடியவில்லை. வென்டெலின் விரல்கள் போர்ப்பரியின் குளம்பெனத் தட்டச்சுப் பலகையில் பாய்ந்தன. கட்டம் நிறம் மாறிற்று. இளம்பச்சை மஞ்சளாயிற்று, வாத்துகளைக் கடந்தது, பனிச் சறுக்கலைக் கடந்தது, செங்குருதி நிறம்கொண்டு டோஸ்டரையும் மிதித்தேறி உச்சியில் நின்றது. அதன்கீழ், ஓட்டுநர் இருக்கைதோறும் கண்ணாடித் தடுப்பு அமைத்தல் என்பதை முதற்பணியாக எழுதி, வென்டெல் எழுந்து, தலை தாழ்த்தி, "கட்டம் பேசிவிட்டது" என்றான். எட்டுக் கைகளும் உயர்ந்தன.

ஆ, வெற்றியின் களிப்பே, நீ எத்தனை படைகளைக் கெடுத்தாய்! கையெழுத்து இடும் முன்னரே வாகை சூட விழைந்த டெல்மார், ஓய்வறைக்கு ஓடி நான்கு வாய்களிலும் ரொட்டி இட்டு, இடப்புறத்தைத் தட்டாமல் திரும்பிவந்து கொரினைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

மணி அலறியது.

"யாரும் எதையும் எடுக்காதீங்க! வெளில போங்க!" வென்டெல் முழங்கினான். படை வெளியேறிற்று. நிறுத்துமிடத்தில் பனிமழை அம்புமாரியென இறங்கியது. தீயணைப்பு வண்டி வந்து நலம் சொல்லும்வரை எவரும் உள்ளே கால்வைக்கலாகாது என்பது வென்டெல் வகுத்த விதி. கொரின் கெஞ்சினாள்: "ஒரே ஒரு நிமிஷம், வென்டெல்! என் மேசைக்குப் போய்ட்டு ஓடி வந்துடறேன்." தன் விதியைத் தானே முறிப்பவன் தலைவன் ஆவானோ? "முடியாது" என்றான், ஆனால் அவன் கையிடுக்கில் மடிக்கணினி இருந்தது, யாரும் எதையும் எடுக்கக்கூடாது என்ற ஆணையை அவன் ஒருவனே மீறியிருந்தான்.

"ஏறுங்கடா என் வண்டில" என்றாள் லொரெட்டா.

அந்நிறுத்துமிடத்தில் கூரையுள்ள ஒரே இடம் அங்கு நின்ற அவளது பேருந்தே. குழுவினர் எண்மரும் ஏறினர். ஓட்டுநர் இருக்கையில் வென்டெலை அமர்த்தினாள். கதவை மூடினாள், மூடியும் பயனில்லை, உள்ளே வெளியினும் கடுங்குளிர். ஒருவர் பின் ஒருவராகத் திரையில் விரலால் கையெழுத்திட்டனர். இறுதியில் வென்டெலின் முறை வந்தபோது அவன் விரல் திரையில் பட்டது. திரை அதை விரலென்று ஏற்கவில்லை. மீண்டும் தேய்த்தான், கோடு விழவில்லை. கைகளை வாயருகே வைத்து ஊதினான். கொரின் கடிகாரத்தைப் பார்த்து விம்மினாள்.

"எத்தனை நிமிஷமா உக்காந்திருக்க, வென்டெல்?" லொரெட்டா கேட்டாள்.

"பத்து இருக்கும்."

"நான் காலைல அஞ்சு மணிலேர்ந்து உக்காருவேன்."

வென்டெல் மூக்கைத் திரையில் அழுத்தி, தன் திருப்பெயரின் முதலெழுத்தை வரைந்தான். எல்லைக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கொரின் அனுப்பினாள். அவள் கூவிய கூவலில் நிறுத்துமிடத்து வாத்துகள் எழுந்து பறந்தன. தீயணைப்பு வண்டியின் செவ்விளக்கு வாகைத் தீப்பந்தமெனச் சுழன்றது. வென்டெல் இருக்கையைவிட்டு எழாமலே, நடுங்கும் குரலில் கடைசிப் பிரகடனம் செய்தான்: "சூடின்றிக் குளிரும் இந்த இருக்கை சிவப்பு! இது மீண்டும் தெருவேறாது! இதை ஓட்டுபவள் இனி இதில் அமராள்! என் விதிமேல் ஆணை!" எண்மரும் ஆர்த்தனர், வானம் பனிப்பூச் சொரிந்தது, வாஷிங்டன் மேகம் தொலைவில் திரண்டது, அப்பொன்மாரி பேருந்தாக உருக்கொண்டு ஆல்டர்ஃபோர்டின் குன்றேற இரண்டு ஆண்டுகளே எஞ்சியிருந்தன.

திங்கட்கிழமை லொரெட்டாவுக்கு வேறொரு பழைய பேருந்து கொடுத்தார்கள். அதில் ஹீட்டர் நன்றாக வேலை செய்தது, முன்கதவு மட்டும் சரியாக மூடவில்லை.